‘பாப்போம்’ சம்மதமான கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டு, அந்தக் கையாலேயே நிலம் வாங்கினேன். திருச்சுழிப் பக்கம் என் பேச்சை எடுத்தெறிந்தவர் கிடையாது. அதனால்தான் நான்குவழிச் சாலை வேலை வந்தபோது ஊர்க் கமிட்டியில் என் பெயரை முதலில் போட்டார்கள்.

மண் லாரிகள் என் கொத்தமல்லிக் காட்டை ஒட்டி ஓடின. செடி பூவெடுக்கும் நேரம். பூவில் புழுதி அப்பினால் காய் பிடிக்காது. காய் பிடிக்கவில்லை என்றால் அந்த வருசத்து வெள்ளாமை போச்சு. கமிட்டியின் சட்டம் இதுதான்: எதைச் செய்தாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், பதினைந்து நாள் கழித்துக் கூடி, சரிப்படவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

முதல் கூட்டத்தில் கம்பெனி இன்ஜினியர், "காலையிலயும் சாயங்காலமும் டேங்கர்ல தண்ணி தெளிக்கிறோம், சரிங்களா?" என்றார். கோயம்புத்தூர்க்காரர், பதவிசான பிள்ளை. எங்கள் வெயிலுக்கு அந்தத் தண்ணீர், லாரி திரும்புவதற்குள் காய்ந்துவிடும். ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்பது மரியாதையில்லை. "பாப்போம்" என்றேன். மற்ற நாலு பேரும் "பாப்போம்" என்றார்கள். பெண் கேட்டுப் போன வீட்டில் அந்தச் சொல் விழுந்தால், காபியைக் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடுவது எங்கள் வழக்கம். அவரோ ‘அனைவரும் சம்மதம்’ என்று எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாளில் மல்லி செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. முதல் பூ போனது போனதுதான். மேல்மொட்டு மட்டும் பாக்கி.

"யாரு தம்பி சம்மதிச்சா?" என்று கூட்டத்தில் எகிறினேன்.

"பார்ப்போம்னு சொன்னீங்களே ஐயா. நம்ம திட்டமே அதானே. செஞ்சு பார்ப்போம், அப்புறம் மாத்துவோம்."

பக்கத்துக் காட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதான் பாத்தாச்சுல்ல தம்பி, மாத்துங்க. லாரியெல்லாம் ஓடைக்கரை வழியாப் போகட்டும்" என்றாள்.

எல்லாரும் சரி என்றார்கள். "நான் மனசுல நெனச்சதும் அதுதான்" என்றேன்.

"அண்ணே, ஓடைக்கரையிலதான ஒங்க புது வீடு இருக்கு? வெள்ளப் பெயிண்டு இன்னும் காயலயே" என்றாள் அவள்.

எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஒருத்தர் மறுத்தாலும் பாதை மாறாது. "பாப்போம்" என்றேன்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். "ஐயா, இப்ப நானும் இந்த ஊர்க்காரன் ஆயிட்டேன். சரியா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

வீட்டைத் துடைத்துக்கொள்ளலாம், பூவைத் துடைக்க முடியுமா? "சரி, எழுதுங்க" என்றேன்.

இப்போது மேல்மொட்டெல்லாம் பூத்து, மல்லியில் காய் கொத்துக் கொத்தாக நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், இந்தக் காவி நிறப் பெயிண்டை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். நானே நின்று கலக்கச் சொன்னது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.