தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் மறுக்கப்போவதில்லை. ஆனால் வந்த வேகத்திலேயே போயும் விடும். இந்த ஒரு கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. பஸ் நூலகத்தைத் தாண்டும்போது இப்போதும் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கடைமடையில் ஆறு மா நிலம். மேலே இருக்கிறவர்களுக்கெல்லாம் பாய்ந்து முடித்து, மிச்சம் இருந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். நாற்று விடுவதிலிருந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது வரைக்கும் நான்தான். ஆற்றுக்கு மேலே பூதலூரில் இருக்கும் என் தங்கை, "அக்கா, எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு" என்று போன் பண்ணுவாள். அதிலிருந்து பத்து நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் பத்து நாள் என்ன, பத்து மாசம் எண்ணினாலும் வராது.

எனக்கு வயலுக்கு அடுத்தபடி நூலகம்தான். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நூலகர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து கேக்கும் அச்சு முறுக்கும் வரும், பொங்கலுக்கு என் வீட்டிலிருந்து கரும்பும் புதுநெல் அரிசியும் போகும். வாசகர் வட்டம் ஆரம்பித்தபோது, "நீதான் செயலாளர், வாயைத் திறக்காதே" என்று என் பெயரை எழுதிப் போட்டவர் அவர்தான்.

அக்காவை நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை உறுப்பினர் ஒருவர் ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு வந்து, "குடும்பப் பெண்கள் வர்ற இடத்துல இந்த மாதிரி புத்தகம் இருக்கலாமா? எடுத்துடுங்க" என்று மேஜையில் போட்டார். அக்கா அதை எடுத்துத் துடைத்து, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி அலமாரியில் வைத்தார். "உங்களுக்குப் பிடிக்கலன்னா மூடி வச்சிட்டுப் போங்க சார். அடுத்தவங்க படிக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு?" என்றார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது.

நூலகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் உண்டு. பொதுப்பணி எடுத்துச் செய்கிற ஒரு கான்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்தது. கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி மூன்றின் தலையிலும் 'உபயம்' என்று போட்டு அவர் பெயரைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதில் உட்கார்ந்துதான் நான் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, கடைமடைச் சமாச்சாரங்களை எழுதினேன். நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது, ஆள் கிடைக்காதது, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்தது, இப்படி. போனில் தடவித் தடவி அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. செவ்வாய், வெள்ளி மத்தியானம் நூலகத்துக்குப் போய் ஒரு மூச்சில் அடித்துவிட்டு வருவேன். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மூன்று கம்ப்யூட்டரையும் திறந்த உடனே என் பக்கம்தான் வருகிற மாதிரி வைத்திருந்தார். பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பெரிய எழுத்தில் படிப்பார்கள்.

இப்போது எங்கள் கூட்டம் நடக்கிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மாசத்தில் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம் மூன்றரை மணி. நான்கரைக்கு டீயும் போண்டாவும் வரும். ஐந்துக்குப் பஸ். போண்டாவைத் தின்ற கையோடு பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். உட்கார்ந்த உடனே புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டு, பக்கத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டு, கீழே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது. பேசியதைத் தீர்மானமாக அக்கா சாவகாசமாக மேலே எழுதிக்கொள்வார். ஊரில் கோயில் கமிட்டியிலிருந்து மகளிர் குழு வரைக்கும் எல்லாப் புத்தகமும் இப்படித்தான் நடக்கிறது. இந்த வழியைக் கண்டுபிடித்தோம் என்றேனே, கண்டுபிடித்தவளே நான்தான். செயலாளர் என்பதால் முதல் கையெழுத்தும் என்னுடையது.

போன சித்திரையில் எங்கள் வாய்க்காலைத் தூர்வார ஒரு இயந்திரம் வந்தது. ரோட்டுப் பாலத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும் சுரண்டிவிட்டு, இரண்டாம் நாள் சாயங்காலம் போயே போய்விட்டது. அதற்கு அப்பால் ஆகாயத்தாமரையும் கோரையும் இடுப்பளவு. ஆனால் பாலத்தோரம் 'பணி நிறைவுற்றது' என்று பலகை! வேலை எடுத்தவர் கம்ப்யூட்டர் கொடுத்த அதே கான்ட்ராக்டர். நான் வாய்க்கால் நெடுக நடந்து, பலகையையும் எடுத்து, கோரையையும் எடுத்து, படங்களோடு என் பக்கத்தில் எழுதினேன். யாரையும் திட்டவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதி, தண்ணீர் திறப்பதற்குள் மிச்சத்தையும் வாரிக் கொடுங்கள் என்று முடித்தேன். இயந்திரம் இன்னும் நான்கு நாள் வேலை செய்தால் எங்கள் நாற்று பிழைக்கும், அவ்வளவுதான் கேட்டது.

ஊரே படித்தது. நூலகத்தில் மூன்று கம்ப்யூட்டர் முன்னாலும் கூட்டம்.

வைகாசிக் கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திறக்கவில்லை. 'இந்தப் பக்கத்துக்கு இங்கே அனுமதி இல்லை' என்று ஒரு சிவப்புக் கட்டம். அடுத்த கம்ப்யூட்டரில் மாட்டுக்குச் சினை ஊசி எப்போது போடுவது என்று தேடலாமென்று அப்போதுதான் திறந்தவருக்கும் முதலில் அதே சிவப்புக் கட்டம். "என்னம்மா இது, மாடு சினை பிடிக்கிறதுகூடக் கெட்ட சமாச்சாரமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

அக்காவிடம் கேட்டேன். அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "மேலேருந்து உத்தரவு. வேண்டாத பக்கத்தையெல்லாம் தடுக்கச் சொல்லி ஏதோ போட்டுட்டாங்க. நாம என்ன பண்றது?" என்றார். அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, "விடுங்கக்கா, உங்க மேல என்ன தப்பு? நான் போன்லயே எழுதிக்கிறேன்" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் ஆறுதல்!

ஆனி பிறந்ததும் தாலுகா ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். படங்களைப் பிரிண்ட் போட்டு, மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது கான்ட்ராக்டர் எழுந்து, "ஐயா, இவங்க எழுதினது பொய்னு இவங்க சங்கமே தீர்மானம் போட்டிருக்கு" என்று ஒரு ஜெராக்ஸை நீட்டினார். எங்கள் தீர்மானப் புத்தகத்தின் பக்கம். அதிகாரி சத்தமாகப் படித்தார். குறிப்பிட்ட இணையப் பக்கத்தில் வாய்க்கால் பணி குறித்து வெளியான செய்திகள் ஆதாரமற்றவை என்றும், அப்பக்கத்தை நூலகத்தில் தடை செய்ய வேண்டும் என்றும் வாசகர் வட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.

ஜெராக்ஸை என் பக்கம் திருப்பி, "முதல் கையெழுத்து உங்களுதுதானேம்மா?" என்று கேட்டார்.

என்னுடையதுதான். அழகாக, தெளிவாக, தேதி போட்டு இருந்தது. மேலே இருந்த எழுத்து அக்காவுடையது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற எழுத்து, இருட்டில் காட்டினாலும் அடையாளம் சொல்வேன். "காலித் தாள்லதான் சார் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி, "படிச்சவங்க நீங்க, காலித் தாள்ல கையெழுத்துப் போடலாமா?" என்று மனுவையும் ஜெராக்ஸையும் சேர்த்துக் குத்தி ஓரமாக வைத்துவிட்டார். ஆபீஸை விட்டு எப்படி வெளியே வந்தேன், எந்தப் பஸ் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை.

நேரே நூலகத்துக்குத்தான் போனேன். ஆள் யாரும் இல்லை. அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"மேலேருந்து உத்தரவுன்னீங்களே, அந்த மேலே யாருக்கா? அலமாரி மேல இருக்கிற புத்தகமா?" என்று கேட்டேன்.

"உக்காரு."

"உக்கார மாட்டேன். சொல்லுங்க."

"மூணு கம்ப்யூட்டரையும் தூக்கிட்டுப் போயிடுவேன்னு வந்து நின்னாரு. நான் குடுத்த கம்ப்யூட்டர்லயே என்னைத் திட்டுவாங்களான்னு. பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணுங்க எத்தனை பேர் வருது, உனக்கே தெரியும். அத்தனை பேருக்கும் இல்லாம போறதுக்கு, உன் ஒரு பக்கம் போனா போகுதுன்னு நெனச்சேன்."

"தடுத்தீங்க, சரி. நான் எழுதினது பொய்னு ஏன் எழுதினீங்க?"

"தடுக்க ஒரு காரணம் வேணுமில்ல? அவர் சொன்னதை எழுதினேன். அதைத் தாலுகா வரைக்கும் கொண்டுபோவாருன்னு சத்தியமா தெரியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டியே."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சும் என் கையெழுத்தை வச்சுக்கிட்டீங்களா?"

"கையெழுத்து நீதானே போட்டே" என்றார் அக்கா.

கான்ட்ராக்டர் மேல் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் எனக்கு உறவா, சிநேகிதமா? திருடன் திருடினால் திருட்டு, அவ்வளவுதான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அடுத்தவங்க படிக்கக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு என்று கேட்ட அதே வாய். அன்றைக்கு நான் அழுதேன். அவர் முன்னால் அழுதேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

தங்கை போன் பண்ணினாள், தண்ணீர் வந்துவிட்டது என்று. பத்து நாள் எண்ணினேன், பதினைந்து எண்ணினேன். பாலம் வரைக்கும் வந்த தண்ணீர் கோரையில் முட்டிக்கொண்டு அங்கேயே பரவி நின்றது. நாற்றங்கால் வெடித்து, நாற்று நுனி கருகி, கடைசியில் மாட்டை அவிழ்த்து அதில் மேய விட்டேன். குவைத்திலிருந்து வீட்டுக்காரர், "உன் பக்கத்துல எழுதினியே, என்னாச்சு?" என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆவணி மாசக் கூட்டத்துக்கு நான் போயிருக்க வேண்டாம். செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். டீ வருகிற நேரத்துக்குத்தான் போனேன். புத்தகம் ஏற்கெனவே சுற்றி முடிந்திருந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மேல்பாதி காலி, கீழே பதினான்கு கையெழுத்து. பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"இந்த மாசம் நீயே எழுது. அந்தத் தீர்மானத்தை ரத்து பண்றதா எழுதிக்க. நான் எதுவும் கேக்கல" என்று காதருகே சொன்னார். கண் கலங்கியிருந்தது. அவரால் முடிந்த மன்னிப்பு அது, எனக்குப் புரியாமல் இல்லை.

எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை வாங்கினேன். நான்கு வரி போதும், தாலுகா ஆபீஸில் கொண்டுபோய் அந்த ஜெராக்ஸுக்கு மேல் இந்த ஜெராக்ஸைப் போடலாம். தேதியை எழுதிவிட்டு நிமிர்ந்தால், போண்டாத் தட்டைச் சுற்றிப் பதினான்கு பேரும் நிற்கிறார்கள். மனசு கேட்கவில்லை. எழுந்து, "ஒரு நிமிஷம், என்ன எழுதப்போறேன்னு படிச்சுக் காட்டறேன், கேளுங்க" என்றேன்.

மாட்டுக்கு ஊசி தேடிய அந்த மனிதர்தான் முதலில் திரும்பினார். வாய் நிறையப் போண்டாவோடு சிரித்தார். "எதுக்கும்மா படிச்சுக்கிட்டு? பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாங்கதான் கையெழுத்துப் போட்டுட்டோமே, நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள், ஒருத்தருக்கும் என்மேல் பகை கிடையாது. வைகாசியிலும் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள். அன்றைக்கு நானும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களோடுதான் நின்றிருப்பேன்.

பேனாவை மூடினேன். புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தேன். "எழுதலையா?" என்றார். "என்ன எழுதறேன்னு அவங்க இன்னும் காது குடுத்துக் கேக்கலக்கா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பக்கம் நூலகத்தில் இன்னும் திறப்பதில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்து இல்லை, நான் எழுதிய தேதி மட்டும் இருக்கிறது. அதன் கீழே பதினான்கு பேர் பெயரோடு அது அக்காவின் அலமாரியில் காலியாகக் கிடக்கிறது. சாவி அக்காவிடம் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும், என்ன வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம்.