வலது ஓரத்திலிருந்து ஏழு

மயிலாப்பூர் சூடாமணி எனக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். தங்கை கல்யாணத்தில் வெற்றிலைபாக்கோடு வைத்துக் கொடுக்க நூற்றைம்பது ரவிக்கைத் துண்டு என் கடையில்தான் எடுத்தாள். பாண்டி பஜாரில் பீர் முஹம்மது மேட்சிங் சென்டரைத் தெரியாதவர் யார்? நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நடைபாதையில் கட்பீஸ் விரித்து, அதே நடைபாதைக்கு எதிரே கடை போட்டவன் நான். யாரிடமும் கை நீட்டியதில்லை.

சூடாமணிக்கு அப்பா இல்லை. மாட வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்து, அங்கேயே பாடமும் நடத்தினாள். கல்யாணம் முடிந்த கையோடு சென்டரை மூடிவிட்டார்கள். பாக்கிச் சம்பளமும் வரவில்லை. கடன்பட்டவர்கள் என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். இவள் நேரே கடைக்கே வந்தாள்.

"பாய், கையில பணம் இல்லை. உங்க சரக்குக் கணக்குக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதித் தரட்டுமா?"

எங்கள் வரிசையில் முதல் கம்ப்யூட்டர் என்னுடையது. தொண்ணூற்று நான்கில் வாங்கினேன். என் அக்கா மகன் ஜைத் அதில் சீட்டாடிக்கொண்டிருந்தான். சரி என்றேன். கூலி மூவாயிரம். ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வெள்ளிக்குள் கணக்கு சரியாக வரவேண்டும். வராவிட்டால் வேலை நந்தனத்துக் கம்பெனிக்கு, அவளுக்குக் காலணா கிடையாது. வியாபாரத்தில் நான் அப்படித்தான்.

என் கடையில் ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் ஏழு எண்கள், எல்லாம் என் மூளையில் உதித்தது. முதல் இரண்டு துணி, அடுத்த மூன்று நிறம், கடைசி இரண்டு விலை. இருபத்தொன்று என்றால் ரூபியா ரவிக்கைத் துணி. இதைக் கேட்டுக்கொண்டு அவள் ப்ரோக்ராம் எழுதினாள். அட்டைகளைப் பார்த்து ஜைத் தட்டி ஏற்றினான்.

வியாழக்கிழமை மெஷின் கணக்கைக் காட்டியது. கடை முழுக்கப் புடவை ஃபால்ஸ். ரூபியா ஏழெட்டுக் கட்டு மட்டும்!

ஜைத் கைதட்டிச் சிரித்தான். "இன்னா மாமு, போர்டை ஃபால்ஸ் சென்டர்னு மாத்திடலாமா? அக்கா கணக்கு சூப்பரா கீது!"

சூடாமணிக்கு முகம் செத்துவிட்டது. "நாளைக்கு வெள்ளிக்கெழமைம்மா" என்றேன். அவள் எழுந்துபோய், ஒரு கட்டை இழுத்து அட்டையைப் பார்த்தாள். 7862111418.

"ஏழு நம்பர்னு சொன்னேளே பாய்? இதுல பத்து இருக்கே?"

"முன்னாடி கீற 786 கோடு இல்லம்மா. பிஸ்மில்லாவுக்குப் போடறது. அது போடாம நான் எதையும் எழுத மாட்டேன்."

அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "மெஷினும் உங்க கத்திரி மாதிரிதான் பாய். எங்கே ஆரம்பிச்சு எத்தனை வெட்டணும்னு நாம சொல்லணும். முதல்லேர்ந்து ரெண்டுன்னேன். எழுபத்தெட்டை வெட்டிண்டுடுத்து. உங்க லிஸ்ட்ல அது ஃபால்ஸ்."

சரியாக வந்த ஏழெட்டும் ஜைத் எழுதிய அட்டைகள். அவன் 786 போடுவதில்லை.

"அப்போ எல்லாத்துலயும் 786-ஐ அட்ச்சுட்டா முட்ஞ்சிது மாமு."

"கைய வெச்சுப் பாருடா!" என்று எழுந்தேன்.

"ஒண்ணையும் அடிக்க வேண்டாம்" என்றாள் சூடாமணி. "இந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினாத்தானே வம்பு? வலது ஓரத்துலேர்ந்து ஏழு வெட்டிண்டு, அதைப் பிரிச்சுக்கலாம். முன்னாடி 786 இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி."

"நாங்க ஓதற எழுத்தும் வலதுலேர்ந்துதாம்மா ஆரம்பம்" என்றேன். அன்றைக்கு அப்போதுதான் சிரித்தாள்.

மறுநாள் ஜும்மாவுக்கு முன் கணக்கு அச்சாகி வந்தது. கையில் தாளோடு அலமாரி அலமாரியாக நானே எண்ணினேன். கிளிப்பச்சை ரூபியாவரை ஒன்றும் பிசகவில்லை.

கல்லாவைத் திறந்தேன். "ஒன் கடன் போக ஆயிரத்து எண்ணூறும்மா."

"கழிச்சுண்டு குடுக்காதேங்கோ பாய். முழுசாக் குடுங்கோ. என் கடனை நான்தான் எண்ணிக் குடுக்கணும்."

மூவாயிரத்தையும் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, பன்னிரண்டு நூறு ரூபாய்த் தாள்களைத் தனியே பிரித்தாள். யாரிடமும் நீட்டாத கையை அன்று நீட்டினேன். ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தாள்.