மாட்டன் என்று சொல்லப் பழகிய கலியாணம்

கலியாண வீட்டில் எல்லோரையும் பார்த்துவிட்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் வீடு திரும்ப வேண்டிய தொழில் எங்களுடையது. கூச்சக்காரிக்கு இதைவிட வாய்த்த வேலை இல்லை என்று நம்பித்தான் நான் இதில் இறங்கினேன். கமெரா தூக்குகிற சகோதர சகோதரிகளே, நீங்களும் அப்படி நம்பித்தான் ஏமாந்திருப்பீர்கள். கமெராவை எடுத்த உடனே சனம் முழுவதும் கழுத்தை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இயல்பாய் நிற்பது

ஜேர்மனியில், டோர்ட்முண்டில் புகைப்படக்கலை படித்து முடித்த கையோடு கெல்சென்கிர்ச்சனில் வாசண்ணையின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அந்தப் பக்கத்துத் தமிழ்க் கலியாணங்களில் பாதி அவருடைய கையில். எனக்குக் கிடைத்தது லைட் பிடிக்கிற வேலை.

வாசண்ணையின் முறை ஒன்றுதான். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் "அப்பிடியே நில்லுங்கோ" என்பார். மேளகாரர் அடியைத் தொடர்ந்து இழுப்பார், ஐயர் மந்திரத்தைப் பிடித்து வைத்திருப்பார், மாப்பிள்ளை தாலியோடு எங்கள் பக்கம் திரும்புவார். "தலையைக் கொஞ்சம் சரியுங்கோ. நாடியைக் கீழ விடுங்கோ. சிரிப்புக் காணாது." தலை, நாடி, தோள், சிரிப்பு என்று கடைச் சாமான் மாதிரி எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் கடைசியில் சொல்வார்: "இப்ப இயல்பாய் நில்லுங்கோ."

ஒருநாள் கலியாணம் முடிந்து வேனில் திரும்பும்போது, ஒன்றையாவது நிற்பாட்டாமல் எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அந்தக் கேள்வியை எனக்குள்ளே நான் எத்தனையோ மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாசண்ணை கோபப்படவில்லை, சிரித்தார். "தங்கச்சி, நிப்பாட்டாட்டி அது கலியாணப் படமில்லை, சி.சி.டி.வி."

ஒன்றும் ஏலாத பிள்ளை

பிறகு தனியே தொடங்கினேன். நடக்கிறதை நடக்கிறபடி எடுப்பது, ஒருவரையும் "இஞ்ச பாருங்கோ" என்று கூப்பிடாமல் இருப்பது, இது இரண்டும்தான் என் கொள்கை. ஜேர்மன்காரர் சிலர் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களில் முதலில் கூப்பிட்டது ஹம் நகரில் மருத்துவத் தாதியாக இருக்கிற ஆரணி. அவளும் நிரோஜனும் இங்கேயே வளர்ந்தவர்கள். இங்கே கலியாண ஹோல் எடுத்தால் பாதி ஜேர்மனியைக் கூப்பிட வேண்டிவரும் என்று, நெருங்கிய சொந்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டு மெக்சிக்கோக் கடற்கரையில் கலியாணம் செய்யத் தீர்மானித்திருந்தார்கள். ஆரணியின் அம்மாவோ வாசண்ணைக்கு எப்பவோ வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கும் விஷயம் விளங்கியது. இந்தப் படங்கள் அந்த அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் வேறு தமிழ் வீடு ஒன்றும் என்னைக் கூப்பிடாது. திரும்பிப் போய் லைட் பிடிக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் என் வாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் ‘மாட்டன்’ வராது. பெரியாட்களிடம் ‘மாட்டன்’ என்றால் திமிர், ‘ஏலாது’ என்றால் பாவம். அதனால் விருப்பமில்லாத எல்லாவற்றுக்கும் நான் ‘ஏலாது’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

ஹம்மில் அவர்கள் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு, நான் எடுப்பதை, செய்திக்காரர் எடுக்கிறது போல, ரிப்போர்ட்டாஜ் என்று சொல்வார்கள் என்றேன். "அது சண்டை நடக்கிற இடத்திலயல்லோ எடுக்கிறது?" என்றார் அம்மா. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"குடும்பம் குடும்பமா நிப்பாட்டி எடுப்பீரோ?"

"ஏலாது அன்ரி."

"பொம்பிளை கண்ணாடி பாக்கிற மாதிரி?"

"மாதிரி எடுக்க ஏலாது அன்ரி. பாத்தா எடுப்பன்."

"தாலி கட்டேக்க எண்டாலும் ஒருக்கா நிப்பாட்டி?"

"ஏலாது."

அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். ரோல்ஸ் பலகாரத் தட்டை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "பாவம், பிள்ளைக்கு ஒண்டுமே ஏலாதாம். ஏன் ஆரணி, வேற ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?"

குடுமித் தேங்காய்

கும்பத்துக்கு வைக்கக் குடுமித் தேங்காய் வேண்டும் என்று அம்மா ஹம் தமிழ்க்கடையில் வாங்கி, பட்டுச் சேலைகளுக்கு நடுவில் சுற்றி வைத்துக்கொண்டு வந்தார். மெக்சிக்கோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஹோட்டலுக்குப் போனால் வாசலில் இருந்து கடல்வரைக்கும் தென்னைமரம். அம்மா அண்ணாந்து பார்த்தார், அவருக்குத் திருப்தியில்லை. அங்கே சமையலறையில் கொடுத்த தேங்காயெல்லாம் மொட்டையாக உரித்திருந்தது.

தோட்டக்காரருக்குத் தமிழும் ஜேர்மன் மொழியும் தெரியாது, அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அம்மா தன் உச்சந்தலையில் ஐந்து விரலையும் குவித்து வைத்துக் குடுமி காட்டினார். அந்த மனிதர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய், ஹோட்டலில் முடி அலங்கரிக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா விடவில்லை. ஒரு மொட்டைத் தேங்காயைத் தூக்கி அதன்மேல் விரலைக் குவித்தார். தோட்டக்காரரும் தன் தலையில் குவித்துக் காட்டி, இதுவா என்று பார்த்தார். அந்தப் பெண்ணும் சிரித்தபடி தன் தலையில் குவித்தாள். தேங்காயோடு சேர்த்து மூன்று குடுமி. நான் எடுத்தேன்.

கமெராவின் சத்தம் கேட்டு அம்மா திரும்பினார். "உந்தக் கோலத்தையோ எடுத்தனீர்? நான் உடுப்புக்கூட மாத்தேல்லை. அழியும் உந்தப் படத்தை."

"ஏலாது அன்ரி."

"அழிக்கவும் ஏலாதோ? ஏலுமான பட்டன் ஒண்டும் உந்தக் கமெராவில இல்லையோ?"

சிவா மாமா எழும்பினார்

சிவா மாமா ஆரணியின் அம்மாவுக்கு மூத்த அண்ணன். நல்ல மனிதர், அகலமான மனிதர். கலியாணத்தன்று எனக்கு முன் வரிசையில் அடக்கமாக இருந்தார். ஜேர்மனியில் இருந்து கூட்டிவந்த ஐயர் கையைக் காட்ட, ஸ்பீக்கரில் கெட்டிமேளம் கேட்க, நிரோஜன் தாலிக்கொடியோடு ஆரணியின் பின்னால் கையைக் கொண்டுபோக, சிவா மாமா எழும்பினார். கையில் சாப்பாட்டுத் தட்டு அளவு டேப்லெட். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

நகர இடமில்லை. முன்னால் இருந்ததை எடுத்தேன். அட்சதையாக அறுகரிசி பறந்தது, கொடியின் திருகுச் சுரை பூட்டியாயிற்று, எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். அப்போது சிவா மாமா டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவுப் பட்டனை அவர் அமத்தவே இல்லை.

"தம்பி நிரோஜன், ஒருக்காக் கழட்டிப்போட்டுத் திருப்பிக் கட்டுமன். எனக்குப் பதியேல்லை. போட்டோப் பிள்ளைக்கும் நான் மறைச்சுப்போட்டன், பாவம்."

"ஓம், ஒருக்கா எடுத்துப்போடுவம்," என்றார் அம்மா. "பிறகு படமில்லை எண்டு கவலைப்படக் கூடாது."

நிரோஜன் பெரியாட்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. அவனுடைய கை திரும்பவும் ஆரணியின் கழுத்துக்குப் பின்னால் போனது. ஆரணி என்னைப் பார்த்தாள். ஐயர் தாம்பாளத்தில் இருந்த தேசிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாது அங்கிள்," என்றேன்.

"ஏலும் பிள்ளை, ஏன் ஏலாது? நான் தள்ளி நிக்கிறன். வெளிச்சமும் வடிவா இருக்கு."

இத்தனை வருடமாக நான் சுமந்து திரிந்த சொல்லின் பெறுமதி அப்போதுதான் தெரிந்தது. ஏலாது என்றால் உதவி செய்ய வருவார்கள். கமெராவை இறக்கினேன். காது சுட்டது.

"கழட்டினால் நான் எடுக்க மாட்டன்."

நிரோஜனின் கை கீழே வந்தது. ஸ்பீக்கரை யாரோ நிற்பாட்டினார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சிவா மாமாதான் என் பக்கமாகக் குனிந்து, என் நன்மைக்கென்று மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, ஏலாதெண்டு சொல்லு. மாட்டன் எண்டு சொல்லாதை."

மெக்சிக்கோவுக்கு வந்த தலை

ஹம்முக்குத் திரும்பிய பிறகு, அதே சோபாவில் இருந்து, சிவா மாமா உட்பட எல்லோருக்கும் பெரிய டிவியில் படங்களைப் போட்டுக் காட்டினேன். குடுமிப் படத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. "தாலி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

போட்டேன். படத்தின் நடுவில் சிவா மாமாவின் பின்மண்டை, வெயிலில் மினுங்கியபடி. அதற்கு மேலே தூக்கிப் பிடித்த டேப்லெட். பதியாத அந்தத் திரையில் நிரோஜனின் விரல்கள், கொடி, ஆரணியின் குனிந்த கழுத்து, எல்லாம் சின்னதாக, மிகத் தெளிவாக. திரைக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம். அறுகரிசி கையை விட்டுப் போனது தெரியாமல் கையை இன்னமும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி.

அம்மா எழும்பி டிவிக்குக் கிட்டப் போனார். "என்ர முகம் உப்பிடியோ இருந்தது?"

திரையில் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணையின்ர தலையை எடுத்துவிடும். இப்ப கொம்பியூட்டரில எல்லாம் செய்யலாந்தானே."

"மாட்டன் அன்ரி." இரண்டாம் தரம் அவ்வளவு சுடவில்லை.

படம் பிடிக்கவில்லை என்று அம்மா சொல்லப் போகிறார், நான் லைட் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் முதலில் வாயைத் திறந்தது சிவா மாமா. அவருக்கு மனம் நொந்திருந்தது. "என்ர தலையை ஏன் எடுக்கோணும்? முடி இல்லாட்டியும், மெக்சிக்கோ வரைக்கும் வந்த தலை அது."

கெல்சென்கிர்ச்சன் கடற்கரை

அம்மா பிடித்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சனத்துக்குக் காட்ட ‘வடிவான படம்’ ஒன்று வேண்டும் என்று வாசண்ணையிடம் நேரம் குறித்து டெர்மின் எடுத்தார். என்னையும் வரச்சொல்லி ஆரணி கெஞ்சினாள். தோற்ற இடத்துக்கு எதற்குப் போவது என்று யோசித்தேன். பிறகு கமெராவைத் தூக்கிக்கொண்டு போனேன். இதுவும் அந்தக் கலியாணத்தில் நடந்ததுதானே.

ஸ்டூடியோவில் வாசண்ணை பின்திரையை இறக்கினார். நீலக் கடல், வெள்ளை மணல், இரண்டு தென்னைமரம். மெக்சிக்கோவில் உண்மைக் கடலுக்கு முன்னால் தாலி கட்டினவர்கள், மழை பெய்கிற கெல்சென்கிர்ச்சனில், அதே பட்டு உடுத்தி, துணிக்கடலுக்கு முன்னால் நின்றார்கள்.

"வாரும் தங்கச்சி. லைட் பிடிக்கிற பெடியன் இண்டைக்கு வரேல்லை. உந்த லைட்டை ஒருக்காப் பிடியும்," என்றார் வாசண்ணை. என் கை பழக்கத்தில் நீளப் பார்த்தது.

"மாட்டன் அண்ணை. நான் படம் எடுக்க வந்தனான்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு லைட்டைத் தானே நகர்த்தினார். தலை சரிந்தது, நாடி இறங்கியது, சிரிப்புக் கூடியது. "இப்ப இயல்பாய் நில்லுங்கோ." நான் அவரையும், துணிக்கடலையும், அதன் ஓரத்தில் வெளியே தெரிந்த ஹீட்டரையும் சேர்த்து எடுத்தேன்.

பிறகு வாசண்ணை சொன்னார்: "தம்பி, கொடியை ஒருக்காக் கழட்டிக் கையில பிடியும். கட்டுற மாதிரி எடுப்பம்."

நிரோஜன் மாமியாரைப் பார்த்தான். ஆரணி என்னைப் பார்த்தாள். அம்மா மூலையில் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மாட்டம் தம்பி," என்றார்.

"ஒரு படத்துக்குத்தானே அக்கா."

"ஒரு படம் இருக்கு. அண்ணையின்ர தலையோட."

இப்போதெல்லாம் ஆரணியின் அம்மா சொல்லி என்னிடம் டெர்மினுக்கு வருகிற அம்மாமார் "நீர் எதெதுக்கு மாட்டீர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கலியாணத் தேதியையே சொல்கிறார்கள் என்பதால், கூச்சக்காரிக்கு இதைவிட வாய்த்த வேலை இல்லை என்று நான் தொடக்கத்தில் நம்பியது சரிதான் போலிருக்கிறது.