யூஜினாவின் சவர்க்கார நுரை

யூஜினாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தால் முதலில் மணந்து பார்ப்பாள். பிறகு கோப்பையின் விளிம்பை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் குடிப்பாள். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கடலுக்கடியில் மூழ்கப் பழக்குகிற ஸ்கூபா கடை ஒன்றை நான் நடத்துகிறேன். அங்கே அவள் நான்கு வருடமாக வேலை செய்கிறாள். இந்த நான்கு வருடத்தில் நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை ஒரு நாளாவது நம்பிக் குடித்திருப்பாளா என்றால், இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி. முப்பத்தாறு வயது. என் கடைக்கு வருவதற்கு முன்பு பதினொரு வருடம் வத்தளைப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபக்டரியில் பிழை பிடிக்கிற வேலை பார்த்தாள். தைத்து வருகிற சட்டையை உள்பக்கம் புரட்டி, எந்தத் தையல் பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஃபக்டரியை மூடிவிட்டார்கள். பழக்கம் மட்டும் அவளோடு என் கடைக்கு வந்து சேர்ந்தது. அந்தோனியார் கோயில் வாசலில் மெழுகுதிரி வாங்கினாலும், திரி அடிவரைக்கும் போகிறதா என்று புரட்டிப் பார்க்கிற ஆள் அவள். அந்தோனியாருக்கே அவள்மேல் கொஞ்சம் மனவருத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சமையல் காஸ் சிலிண்டர்கள் வெடித்த வருடம் நினைவிருக்கும். கொழும்பில் வீட்டுக்கு வீடு சவர்க்காரத்தைக் கரைத்து, சிலிண்டரின் கழுத்தில் பிரஷால் பூசி, காஸ் கசிந்து குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தோம். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாரும் அதை விட்டுவிட்டார்கள். யூஜினா விடவில்லை. கடலுக்கடியில் மூச்சு விட என் கடையில் காற்றடித்து வைக்கிற சிலிண்டர்களுக்கும் அதே பிரஷ், அதே நுரை. பூசிப் பார்ப்பாள், வால்வைக் கொஞ்சம் திறந்து காற்றை மணந்து பார்ப்பாள், திருப்தியானால் ஒரு வெள்ளைத் துணித்துண்டில் திகதி எழுதிக் கழுத்தில் கட்டுவாள். இத்தனைக்கும் அவளுக்கு நீந்தத் தெரியாது. கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை.

வாடிக்கையாளருக்கு முன்னால் இந்தக் கூத்து நடக்கும்போதுதான் எனக்கு இரத்தம் கொதிக்கும்.

"இதில ஏதும் பிழை வருமா?" என்று ஒருவர் கேட்டார்.

"வரும். அதுக்குத்தானே பாக்கிறன்" என்றாள் யூஜினா.

அந்த ஆள் அதற்குப் பிறகு வரவே இல்லை.

பெப்ரவரியில் நிஷாந்தி வந்தாள். ஜிந்துப்பிட்டிப் பிள்ளை, இருபது வயது. கடலுக்கடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கிற நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் மாதம் முடிந்து வருகிற முதல் திங்கட்கிழமைக்குள் ஸ்கூபா பழகியதற்கான அட்டையை, அந்தக் காட்டை, கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்கு. தேயிலைக் கடையில் தூசி குடித்துப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை அவள். அந்தக் கடைக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

நீச்சல் தெரியும். தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதுதான் பயம். வாடகைக்கு எடுத்த நீச்சல் குளத்தில், மாஸ்க்குக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் போதும், கையைக் காலை அடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவாள். வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள்.

"ஒண்டும் நடக்காது பிள்ளை. என்னை நம்பு" என்பேன்.

"சரிண்ணே" என்பாள். அடுத்த நிமிடம் மறுபடியும் மேலே வந்துவிடுவாள்.

இரண்டு வாரம் இப்படியே போனது. நான் அன்பாகச் சொன்னேன், பிறகு சத்தம் போட்டேன். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, நிஷாந்தி குளத்தின் அடியில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தாள். மாஸ்க்கில் தண்ணீரை அவளே விட்டு, அவளே ஊதி வெளியே தள்ளினாள். என் சத்தம்தான் வேலை செய்திருக்கிறது என்று எனக்குள் ஒரே பெருமை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரம் முழுக்க நிஷாந்தி வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்தாள். நேரே கடையின் பின்பக்கம் போவாள். யூஜினாவும் பின்னால் போவாள். குசுகுசுவென்று பேச்சு. நான் போனால் நின்றுவிடும். கல்கிசையில் புதிதாக ஒரு ஸ்கூபா கடை திறந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறாளோ? முன்பு ஓடிப்போன வாடிக்கையாளர்களையும் இவள்தான் அங்கே அனுப்பினாளோ? நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே பொருந்தித்தான் வரும்.

வெள்ளிக்கிழமை சத்தம் போடாமல் பின்கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

நிஷாந்தி நாற்காலியில் இருந்தாள். வாயில் சிலிண்டரிலிருந்து வருகிற மூச்சுக்குழாய். மடியில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மீற்றர். யூஜினா சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வால்வைத் திருகி மூடிக்கொண்டிருந்தாள்.

"இழு. முள்ளைப் பார். விழுகுதா? இன்னும் ஒருக்கா இழு. இப்ப காத்து நிண்டிட்டுது. இனி என்ன செய்வாய்?"

நிஷாந்தி கையால் கழுத்தை வெட்டுவதுபோலக் காட்டினாள். காற்று இல்லை என்பதற்கு நாங்கள் கடலுக்கடியில் காட்டுகிற சைகை அது. யூஜினா இன்னொரு சிலிண்டரில் மாட்டியிருந்த இரண்டாவது மூச்சுக்குழாயை நீட்டினாள். நிஷாந்தி வாங்கி வாயில் வைத்து மூச்சு விட்டாள்.

"ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுறவையை நம்பாத" என்றாள் யூஜினா. "ரொனி அண்ணை சொன்னாலும் நம்பாத. நடந்தா என்ன செய்யிறது எண்டு கேள். சிலிண்டரை நம்பாத, குழாயை நம்பாத. ஒவ்வொண்டாப் பார்."

அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. ரொனி என்பது நான். பதினாறு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத இவள், என்னை நம்பாதே என்று என் மாணவிக்குப் படிப்பிக்கிறாள்.

"என்ன நடக்குது இங்க?" கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். "என்ர கடையில இருந்துகொண்டு என்ர பிழைப்பில மண் போடுறீரோ? கல்கிசைக்காரர் எவ்வளவு தாறாங்கள்?"

யூஜினாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "கல்கிசைக்காரரோ? ஆர் அவை?"

"நடிக்காதையும். நாளையில இருந்து நீர் வர வேண்டாம்."

நிஷாந்தி ஏதோ சொல்ல எழும்பினாள். யூஜினா அவள் தோளைத் தொட்டு இருத்தினாள். பிரஷைக் கழுவி, உதறி, வாளிக்குள் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கிக் காட்டினால் நிஷாந்திக்குக் காட். மறுநாள் திங்கள். சனிக்கிழமை நான்கு சிலிண்டர்களுக்கு நானே காற்றடித்தேன். தொடங்கின உடனே கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாத நேரம் யூஜினா காற்றடிக்கிற மெஷினைத் தொடமாட்டாள். அது சோம்பேறித்தனம் என்று எனக்கு எண்ணம். ஜெனரேற்றரை ஒழுங்கையில் வைத்து ஓட்டினேன். காற்றை இழுக்கிற குழாயை அவள் கூரைக்கு மேல் கம்பத்தில் ஏற்றிக் கட்டுவாள். நான் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். புகை மற்றப் பக்கம்தானே போகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தெஹிவளைக் கரையிலிருந்து படகுக்காரர் ஹமீடின் போட்டில் போனோம். கடல் நல்ல அமைதி. பாறைக்கு மேலே போட்டை நிறுத்தியதும் நான் சிலிண்டர் மாட்டிய ஜாக்கெட்டைப் போட்டேன். நிஷாந்தி போடவில்லை. சிலிண்டரின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல துணி இல்லையே அண்ணே."

"நான்தான் அடிச்சனான். துணி தேவையில்லை."

அவள் வால்வைக் கொஞ்சம் திறந்தாள். மூக்கைக் கொண்டுபோனாள். "புகை வாசம் வருது."

"போட் என்ஜின்தான் மணக்குது. வெளிக்கிடு."

"ஹமீட் நானா, என்ஜின ஓஃப் பண்ணுங்க."

ஹமீட் என்னைப் பார்த்தார். என்ஜினை நிறுத்தினார். காற்று வீசி என்ஜின் புகை கலையும்வரை நிஷாந்தி காத்திருந்தாள். திரும்பவும் மணந்தாள். "வருது அண்ணே. நான் இறங்க மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "பயமெண்டால் பயமெண்டு சொல்லு. சாட்டுச் சொல்லாத. நாளைக்குத் திங்கள். வேலை போனா என்னட்ட வந்து அழக்கூடாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரல் ஆடவில்லை.

"எனக்கு அந்த வேலை வேணும் அண்ணே. இது பயமில்ல, சந்தேகம். நீங்க ஒருக்கா மணந்து பாருங்க."

வேண்டுமென்றே பெரிதாக இழுத்தேன். ஜெனரேற்றர். நேற்று ஒழுங்கையில் நின்ற அதே புகை. மற்ற மூன்றையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் அதே மணம். காற்று எப்போதோ திரும்பி, குழாய் புகையை இழுத்திருக்கிறது. நான் உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

கரையில் தலையிடி தருகிற புகை, ஆழத்தில் ஆளை மயக்கிவிடும். மயங்கினால் மேலே வர மாட்டோம். இது எங்கள் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, ஒண்டும் நடக்காது என்று சொல்லி, பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். பதினாறு வருடத்தில் எனக்குக் கடலில் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

"பிழை என்னில" என்றேன். "கரைக்குப் போவம்."

"இன்னைக்கு முடியாதா அண்ணே?"

"முடியும். ஆனா என்ர கையால அடிக்க மாட்டன்."

நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். யூஜினா பூசை முடிந்து வந்திருந்தாள். கதவைச் சங்கிலி போட்டபடி நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தாள்.

"என்ன?"

"மன்னிச்சுக்கொள்ளும் யூஜினா. நான் பிழை விட்டிட்டன்."

மன்னிப்பையும் அவள் உடனே எடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் திடீரெண்டு? பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் ந—" வாய் தானாக அதையே சொல்லப் போனது. நிறுத்திக்கொண்டு, நடந்ததை முழுவதும் சொன்னேன். ஜெனரேற்றரைச் சொன்னபோது கண்ணை மூடினாள். நிஷாந்தி மணந்து பார்த்ததைச் சொன்னபோது சங்கிலியைக் கழற்றினாள்.

கடைக்கு வந்து மெஷினின் ஃபில்டரைக் கழற்றி எறிந்தாள், புதியதைப் போட்டாள். நான்கு சிலிண்டர்களையும் முழுக்கத் திறந்துவிட்டாள். குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றிக் கட்டினாள். வேறு நான்கு சிலிண்டர்களுக்குக் காற்றடித்து, நுரை பூசி, மணந்து, துணி கட்டினாள். அரைவாசியில் பிரஷை, கடையில் காத்திருந்த நிஷாந்தியிடம் கொடுத்தாள். அவர்கள் முடிக்கும்வரை நான் மூலையில் நின்றேன்.

பிறகு யூஜினாவும் போட்டில் ஏறினாள். வாழ்க்கையில் முதல் தடவை. உயிர்காப்பு ஜாக்கெட்டின் தையலை உள்பக்கம் புரட்டி, ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். ஹமீட் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

நிஷாந்தி இறங்கினாள். ஆறு மீற்றர் ஆழத்தில் அவள் மாஸ்க்குக்குள் தண்ணீர் போனது. கண் அகன்றது. நான் கையை நீட்டினேன், அவள் பிடிக்கவில்லை. தன் காற்று மீற்றரைப் பார்த்தாள், ஒரு முறை நிதானமாக மூச்சை இழுத்தாள், மூக்கால் ஊதித் தண்ணீரைத் தள்ளினாள். அடியில் பாறைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டதும் செய்த முதல் வேலை, என் மீற்றரை இழுத்துப் பார்த்ததுதான். முள் சரியாக இருக்கிறது என்று எனக்கே சைகை காட்டினாள். மாஸ்க்குக்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அன்று இரண்டு தடவை இறங்கினோம். காட் எடுப்பதற்கான படிவத்தில் போட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்; காட் கைக்கு வரும்வரை அதைக் காட்டினால் போதும். நிஷாந்தி ஈரக்கையோடு அதை வாங்கி, பெயரின் எழுத்துகள் சரியா என்று இரண்டு தரம் வாசித்தாள்.

திரும்பும் வழியில் ஃபிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினேன். யூஜினாவின் கோப்பையை எடுத்து நானே மணந்து பார்த்தேன். விளிம்பை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். பிறகு அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கினாள். இன்னொரு தரம் மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.