தம்பியின் பெயரில் விளையாடிய கோடை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தம்பி படித்தான். ஊரில் பெரிய கல்லூரி. அந்தக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு அவன்தான் கோல் கீப்பர். நான் அந்த வாசலுக்குள் போனது அவன் விளையாடுவதைப் பார்க்க மட்டும்தான்.

ஆனாலும் லண்டனில் ஒரு கோடை முழுக்க அந்தக் கல்லூரிக்காக நான் கோலில் நின்றேன்.

ஊரில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் அம்மாவும் லண்டனில் பிளேஸ்டோவில் இருந்தோம். தம்பி கடைசி வரை ஊரிலேயே நின்றவன். சண்டை முடிந்தபின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் ஆள் விட்டுத் தேடினோம். செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா அவன் வருவான் என்று இருந்தார். நான் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இங்கே ஒவ்வொரு கல்லூரியின் பழைய மாணவர்களும் ஓர் அணி வைத்திருப்பார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றோடு ஒன்று மோதும். ஊர்ப் பகை எல்லாம் அப்படியே விமானம் ஏறி வந்திருக்கும். தம்பியின் கல்லூரி அணிக்குக் கப்டன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்த வருடம் சீசன் தொடங்கும்போதே அவர்களின் கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கப்டன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, நீங்கள் நில்லுங்கோ."

"நான் உங்கட கல்லூரி இல்லை."

"தெரியும். பழைய மாணவர் மட்டும்தான் விளையாடலாம். நீங்கள் தம்பியின்ர பேரிலை நில்லுங்கோ. அவன் எங்கட பொடியன்தானே. ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

நான் கீப்பர் இல்லை என்றேன். சின்ன வயதில் வீட்டு வளவுக்குள் நான் அடிப்பேன், அவன் பிடிப்பான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கோல்.

அம்மா தேத்தண்ணியோடு வந்தவர், கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நில்லு மோனை. அவன் வருமட்டும் அவன்ர இடத்தை வேற ஆருக்கும் விடாதை."

நான் நின்றேன்.

மோசமாகத்தான் விளையாடினேன். ஹவுன்ஸ்லோவில் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றுகிற வேலை எனக்கு. பொடியள் அதை வைத்தே நக்கல் அடிப்பார்கள்.

"அண்ணை, பெட்டி மாதிரி நேர வராது. உருண்டு வரும். குனிய வேணும்."

"குனிஞ்சால் எழும்பேலாது எண்டு பயமாக்கும்."

நான் சிரித்துவிட்டுப் பந்தை எடுத்துக் கொடுப்பேன். மெல்ல மெல்லக் குனியப் பழகினேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பெயர், ஊர், படித்த ஆண்டு. சொன்னதும் கையைத் தூக்கிக்கொண்டு நடுவுக்கு ஓட வேண்டும். முதலில் கீப்பரைத்தான் கூப்பிடுவார்கள். தம்பியின் பெயரைச் சொல்வார்கள். நான் ஓடுவேன். ஆட்டத்திலும் எல்லாரும் அவன் பெயரைத்தான் சொல்லிக் கத்துவார்கள். பந்தை விடு, வெளியில் வா, அடி என்று எல்லாம் அவன் பெயரோடுதான் வரும்.

அம்மா ஒரு ஆட்டமும் விட்டதில்லை. மடிக்கிற கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே இருப்பார். அவருக்குப் பந்து விளங்காது. யார் வென்றது என்று என்னிடம்தான் கேட்பார். ஆனால் பெயர் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கோடையில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். நித்திரையும் கொண்டார்.

கடைசிக்கு முந்தின ஆட்டம். எதிரே தம்பியின் கல்லூரிக்கு ஊரில் பரம எதிரியான கல்லூரி. பெயர் சொன்னார்கள். ஓடினேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் கோலுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. எங்கிருந்தோ ஓடி வந்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பினேன். பழகிப்போன பெயர். யார் கூப்பிட்டாலும் திரும்புவேன்.

அந்த மனிதரின் முகம் சிரிப்போடு இருந்தது. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. அதற்குள் பந்து என்னைத் தாண்டி வலைக்குள் போய்விட்டது.

"என்ன பராக்கு? பந்தைப் பாருங்கோ!" என்று கப்டன் கத்தினான்.

நான் பந்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த மனிதர் புல்லில் இருந்துவிட்டார். தலையைக் கைகளுக்குள் வைத்திருந்தார். இடைவேளை விட்டதும் அவரிடம் போனேன்.

"ஆர் நீங்கள்?"

"நீங்கள் அவன்ர அண்ணையோ?"

"ஓம்."

"மைக்கிலை பேர் கேட்டது. பேரும் ஊரும் வருசமும் சரி. கீப்பர் எண்டும் சொன்னவை. நான் பிழையாப் பாத்திட்டன், அவன் தப்பிட்டான் எண்டு நினைச்சு ஓடி வந்தனான்."

எதைப் பிழையாகப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. விளங்கிவிட்டது.

அவர் எதிர்க் கல்லூரியில் படித்தவர். ஊரில் பெரிய போட்டியில் இவர் அடித்த பந்தைத் தம்பி பிடித்தானாம். பிறகு கடைசி மாதங்களில் இருவரும் ஒரே பதுங்கு குழியில் இருந்திருக்கிறார்கள். அந்தப் பந்தைப் பற்றி அங்கேயும் சண்டை பிடித்தார்களாம். அது கோல்தான், கோட்டைத் தாண்டினது என்று இவர் சொல்ல, இல்லை என்று அவன் சொல்வானாம்.

கதைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். அந்த மனிதர் அழுவதைக் கண்டு வந்தவர்.

"ஆர் மோனை நீ? என்ர பிள்ளையைத் தெரியுமோ?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். சொல்லவா விடவா என்று கேட்கிற பார்வை. நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எத்தனை வருடம்தான் அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பது.

"சொல்லுங்கோ," என்றேன்.

அவர் சொன்னார். அதிகம் சொல்லவில்லை. ஷெல் விழுந்தது. தம்பிக்கு வயிற்றில் பட்டது. வைத்தியம் இல்லை. பொழுதுபடுமட்டும் கிடந்தான். பிறகு இவரும் இன்னொருவரும் மணலைக் கிண்டி மூடினார்கள். கட்டியிருந்த சாரத்தால் முகத்தை மூடித்தான் மண் போட்டார்கள்.

அம்மா அழவில்லை. "தண்ணி குடுத்தனியோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா. குடுத்தனான்."

"குடிச்சவனோ?"

"குடிச்சவன்."

வயிற்றில் பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பார்கள். கொடுத்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அம்மா அவருடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். கனநேரம் விடவில்லை.

"என்ன நாள் மோனை?"

"தெரியாது அம்மா. அங்கை நாள் ஒண்டும் எங்களுக்குத் தெரியாது."

விசில் அடித்தது. பொடியள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கோலுக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று நினைவில்லை. தோற்றோம்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவார். அர்ச்சனைக்கு என்னுடையதும் தம்பியுடையதுமாகப் பெயரும் நட்சத்திரமும் சொல்வார். அந்த வெள்ளி நானும் போனேன். ஐயர் கேட்டபோது அம்மா என் பெயரைச் சொன்னார். பிறகு தம்பியின் பெயருக்கு வாயைத் திறந்தார். ஐயர் தட்டோடு நின்றார். அம்மா வாயை மூடிக்கொண்டார். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான்.

திவசத்துக்கு நாள் தெரியாது என்றோம். ஐயர் ஒரு அமாவாசையைப் பார்த்துச் சொன்னார்.

ரயிலில் வரும்போது அம்மா கேட்டார்.

"ஞாயிறு விளையாட்டு இருக்கோ?"

"இருக்கு. நான் போகேல்லை."

"போ."

"ஏலாது அம்மா. செத்தவீட்டுத் துடக்கு வேற."

"துடக்கு கோயிலுக்கு. இண்டைக்குப் போனதே பிழை. பந்துக்கு என்ன துடக்கு? கோயிலிலையும் இனி அவன்ர பேர் சொல்லேலாது. வீட்டிலை நீயும் நானும்தான். அங்கை எண்டாலும் ஒருக்காக் கூப்பிடட்டும்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு ஸ்டேஷனும் கண்ணில் படவில்லை.

ஞாயிறு போனோம். சீசனின் கடைசி ஆட்டம். கதை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் கீப்பரை விட்டுவிட்டு அடுத்தவனிலிருந்து தொடங்கினார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார்கள். நான் கோலுக்குப் போய் நின்றேன்.

ஆட்டம் தொடங்கியது. பந்து என் பக்கம் வரும்போதெல்லாம் பொடியள் வாயைத் திறந்து மூடினார்கள். "கீப்பர், கீப்பர்" என்றார்கள். கப்டன் "அண்ணை" என்றான். அவன் பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மா கதிரையில் இருக்கவில்லை. கோட்டோடு நின்றார். ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் அவர்களுடைய வாயைப் பார்த்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன் ஒருத்தன் தனியே பந்தோடு வந்தான். எங்கள் ஆட்கள் எல்லாம் பின்னால் நின்றுவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒருத்தரும் இல்லை.

அப்போது அம்மா கூப்பிட்டார். தம்பியின் பெயரை முழுதாக, பிள்ளை வெயிலில் நிற்கிறானே என்று வளவிலிருந்து கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

மைதானம் அடங்கிப்போனது. பந்தோடு வந்தவன்கூட நின்றுவிட்டான். பந்து மட்டும் தானாக உருண்டு வந்து என் காலில் முட்டியது.

நான் பந்தை எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.