எல்லோருக்கும் ஒரே பெயர்

எங்கள் மலையில் இடி தலைக்கு மேலேதான் இடிக்கும். அன்றைக்குக் காலுக்குக் கீழே இடித்தது. குப்பனூர்ப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து கரிய மேகம் புகை மாதிரி ஏறி வந்தது. நாங்கள் இருந்த மேட்டிலோ பங்குனி வெயில் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. பள்ளத்துக்குள் மின்னி மின்னி, தரை உள்ளுக்குள் உறுமியது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

எஸ்டேட்டில் மிளகு பறிப்பு. ஆண்கள் சரிவில் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்திப் பறிக்க, பெண்கள் நாங்கள் மேலே களத்தில் உதிர்த்துக்கொண்டிருந்தோம். மூங்கில் ஏணி போய் இந்த வருடம்தான் அலுமினிய ஏணி வந்திருந்தது. தூக்க லேசு என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. அவருடைய போன் என் சோற்றுப் பையில் கிடந்தது.

மேகம் சரிவை மூடியது. ஒரு வெள்ளை வெட்டு, கூடவே மரம் பிளக்கும் சத்தம். பச்சைக் கட்டை கருகிய வாடை மேலே வந்தது. மின்னலுக்கு இரும்பும் அலுமினியமும்தான் பிடிக்கும் என்பார்கள்; அவர் சாத்தி நின்ற ஏணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சரிவின் விளிம்புக்கு ஓடி, "ஏனுங்க" என்று கத்தினேன்.

மேகத்துக்குள்ளிருந்து "என்ன புள்ள" என்று மூன்று நான்கு குரல்கள். அத்தனை பேருக்கும் வீட்டில் அதே பெயர்தானே. மற்றப் பெண்களும் ஓடிவந்து "ஏனுங்க" என்றார்கள். யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். என்னவர் மட்டும் வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும், ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அட்டையைத்தான் நீட்டுவேன். நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இடி காலடியில் உறுமும்போது அதைச் சோதித்துப் பார்க்கத் தைரியம் வேண்டும்.

மறுபடி மின்னியது. ஆயுசு என்று ஒன்று இருந்தால்தானே குறைவதற்கு? தொண்டை கிழிய அவர் பெயரைக் கத்தினேன். பக்கத்திலிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கீழே காப்பிச் செடிகள் அசைந்தன. ஏணி இல்லாமல், சட்டையெல்லாம் மரச் சிராயாக வந்தார். முதல் உறுமலிலேயே ஏணியைப் போட்டுவிட்டுப் பாறை இடுக்கில் பதுங்கியிருக்கிறார். காது அடைத்திருந்ததால் சத்தமாகப் பேசினார்.

"ஏனுங்கன்னு கத்துனது கேட்டுச்சு புள்ள. வேற யாரோன்னு இருந்துட்டேன். அப்பறம் எம்பேரு கேட்டுச்சு. பொம்பளக் கொரல்ல எங்கம்மாதான் அப்புடிக் கூப்புடும். செத்துட்டேன்னே நெனச்சேன். சரி, அம்மா கூப்புடுதேன்னு ஏந்திரிச்சு வந்தேன்."

எல்லோர் முன்னாலும் அழுதேன். அலுமினிய ஏணியையும் அவரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். இன்னொரு தடவை கூப்பிடு என்றார். வாயைத் திறந்தேன், வரவில்லை.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போலாங்க" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.