சொந்தமில்லை என்பதற்கு ஒரு சான்று

எங்கள் ஊரில் பழைய பதிவேடுகளைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் சொந்தம் தேடிப் போகிறவர்கள்தான். பாட்டன் பிரெஞ்சுக் குடிமகன் என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதும், பேரன் பாரீசுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவான். நான் போனது நேர்மாறான காரியத்துக்கு. எழுபதுகளின் நடுவில், என் இருபத்து மூன்றாம் வயதில், ஒருவர் எனக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை என்று நிரூபிக்கப் போனேன். நிரூபித்தால்தான் அவரைக் கட்டிக்கொள்ள முடியும்.

எல்லாம் தபால்காரரால் வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாதி வழக்கங்களை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர், தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த பெயர் எங்கள் வீட்டுக்கு உண்டு. அதே பெயர் குருசுக்குப்பத்தில் இன்னொரு வீட்டுக்கும் இருந்தது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை, இரண்டு வீட்டாரும் சண்டைக்கு வருவார்கள். அந்த வீட்டு மூத்த மகன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து தம்பிக்கு எழுதிய கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது கடிதமும் வந்தது, கொடுத்தேன். மூன்றாவது கடிதத்தைத் தபால்காரர் சரியான வீட்டுக்குத்தான் எடுத்துப் போனார். நான்தான் வழியில் மறித்து வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தம்பி தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அதிகம் பேசமாட்டார். இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிவிடுவதால் அது எனக்குத் தோதாக இருந்தது.

விஷயம் வெளியே வந்ததும் அரியாங்குப்பத்திலிருந்து அத்தை பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. காபியைக்கூடத் தொடாமல் தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரே பேரு, ஒரே ரத்தம். பங்காளி வூடு. அவன் உனக்கு அண்ணன் முறை ஆவணும்."

மாமன் மகனென்றால் மாலை, பங்காளி மகனென்றால் பாவம். ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆனாலும் இந்தக் கணக்கை மட்டும் எங்கள் ஆட்கள் விட்டதில்லை. அப்பா அத்தை பக்கம் சாய்ந்தார். அவருக்குப் பாவத்தைவிடப் பெயர்தான் முக்கியம். ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் கூடினால் ஒரு கதை சொல்வார். அவருடைய தாத்தா மூன்று நாள் யோசித்தாராம். கடற்கரையில் நின்று ஒரு கப்பலைப் பார்த்தாராம். அந்தக் கப்பலின் பெயரையே குடும்பத்துக்கு வைத்தாராம். குருசுக்குப்பத்து ஆட்கள் அந்தத் தாத்தாவின் தம்பி வழியாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் பெயர் அவர்களுக்கு எப்படிப் போகும் என்பது அவர் வாதம். பதில் சொல்ல எனக்கு வாய் இருந்ததே தவிர ஆதாரம் இல்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எனக்கு ஒரே ஒரு உண்மை தேவைப்பட்டது.

முதலில் கோவிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் புத்தகம் லத்தீனில் இருந்தது. பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்ததில் தாத்தா வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் பக்கங்களைக் கரையான் படித்து முடித்திருந்தது. அடுத்து கல்லறைத் தோட்டம். கொள்ளுத்தாத்தாவின் கல்லின் மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. அதை எழுப்பிவிட்டுப் பார்த்தால், இறந்த வயது மட்டும் இருக்கிறது, யாருக்குப் பிறந்தார் என்பது இல்லை. கடைசியில் மேரிக்குப் போனேன். நகராட்சிக் கட்டடத்துக்கு எங்கள் ஊரில் இன்னும் அந்தப் பிரெஞ்சுப் பெயர்தான்.

பதிவேட்டு அறையில் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பென்ஷனுக்கா, பாஸ்போர்ட்டுக்கா என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

"இங்க வர்றவங்க எல்லாம் சொந்தம்னு நிரூபிக்கத்தாம்மா வருவாங்க. சொந்தமில்லன்னு நிரூபிக்க வந்தவ நீ ஒருத்திதான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையே எனக்காகத் திறந்தது. பத்துப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு பெயர் அட்டவணை இருக்கும். அதில் ஆளைப் பிடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, தடித்த புத்தகத்துக்குப் போக வேண்டும். பிறந்த குழந்தையைப் பதிவு செய்ய வந்த அப்பனின் வயது, தொழில், தெரு, சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், கையெழுத்துத் தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டது, எல்லாம் அதில் இருக்கும். கான்வென்டில் கற்ற பிரெஞ்சு அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. போகிற வழியில் அத்தையின் பிறப்பும் கண்ணில் பட்டது. அப்பாவைவிட இரண்டே வயது மூத்தவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு வயது மூத்தவள். குறித்து வைத்துக்கொண்டேன், எதற்காவது ஆகும்.

நான்காம் நாள், பெயர் எடுத்துக்கொண்டவர்களின் பதிவேட்டில் இரண்டு பேரும் கிடைத்தார்கள். ஒரே நாள், அடுத்தடுத்த இரண்டு பதிவுகள். முதலாமவர் குருசுக்குப்பத்து வீட்டின் மூதாதை, தையல்காரர், அரியாங்குப்பத்தில் பிறந்தவர். இரண்டாமவர் எங்கள் கொள்ளுத்தாத்தா, வண்டிக்காரர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பன் வேறு, ஆத்தாள் வேறு, ஊர் வேறு. அரசாங்க அலுவலகம் என்பதையும் மறந்து பதிவேட்டு அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மகிழ்ச்சி அடுத்த வரி வரைக்கும்தான். தையல்காரருக்கு வண்டிக்காரர் சாட்சி, வண்டிக்காரருக்குத் தையல்காரர் சாட்சி. தையல்காரர் சொன்ன பெயர் முதல் பதிவில் இருந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதிவில், "முன்னவர் எடுத்துக்கொண்ட பெயரையே தானும் எடுத்துக்கொள்வதாகக் கூறினார்" என்று எழுதியிருந்தது. மூன்று நாள் யோசனையும் இல்லை, கப்பலும் இல்லை. சிநேகிதன் சொன்னதைக் கேட்டுவிட்டு, எனக்கும் அதையே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார் மனிதர்.

சான்று நகலை வாங்கி இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அதைக் காட்டினால் எனக்குக் கல்யாணம், அப்பாவுக்குக் கப்பல் போச்சு. அறுபது வயது மனிதரிடம் இருந்த ஒரே பெருமையைப் பிடுங்கி நான் மாலை போட்டுக்கொள்வதா என்று இரவெல்லாம் புரண்டு படுத்தேன். லேத் பட்டறைக்குப் போய், கட்டிக்கொள்ளப் போகிறவரிடமே கேட்டேன். "உங்கப்பாகிட்ட நீ எப்படிச் சொன்னாலும் சரி" என்றார். லேத்தில் கிடக்கிற இரும்பே இதைவிட நல்ல யோசனை சொல்லியிருக்கும்.

மூன்றாம் நாள் அப்பா முன்னால் உட்கார்ந்து நானே வாசித்து மொழிபெயர்த்தேன். தகப்பன் பெயர், பிறந்த ஊர், தொழில், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிக் கையெழுத்துக்குப் போய்விட்டேன். அப்பா காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நடுவுல ஒரு வரிய வுட்டுட்டியே பாப்பா" என்றார்.

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து, அந்த வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல் என்று அம்மாவிடம் சொன்னார். அத்தை மறுபடியும் பஸ் ஏறி வந்து கத்தினாள். நான் அவளுடைய பிறந்த வருஷத்தைக் காதோரம் மெல்லச் சொன்னேன், காபியைக் குடித்துவிட்டு அடங்கினாள்.

கோவில் பூசைக்கு முன்னால் மேரியில் கல்யாணம் பதிய வேண்டும். அத்தை, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், பதிவேட்டு அறை அம்மாள் என்று கூடம் நிறைந்திருந்தது. பதிவு செய்யும் அதிகாரி இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே குடும்பப் பெயராக இருக்கிறதே, பங்காளிகளா என்று கேட்டார். மேரியில் மறுபடியும் வாங்கி வைத்திருந்த சான்று நகலை எடுக்க நான் கைப்பைக்குள் துழாவினேன். அதற்குள் அப்பா எழுந்து நின்றார்.

"இல்ல சார். அவங்க தாத்தா யோசிச்சி வெச்ச பேரு அது. எங்க தாத்தா பாத்துக் காப்பி அடிச்சிட்டாரு."

கூடமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, நேராக நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒன்றுதான் என்றாலும், அன்றைக்கு நான் எழுதியது அப்பாவின் பெயரை.